எழுத்துக்கு முன்னால் பறவை: வெக்டர் மென்பொருளும் போட்டோ மென்பொருளும் சேர்ந்து ஒரு சுவரொட்டி

ஏ4 அளவில் ஒரு சுவரொட்டி. பின்னணியில் மங்கலான பச்சைத் தண்ணீர். அதன்மேல் ‘மீன்கொத்தி’ என்று பெரிய வெள்ளை எழுத்து. எழுத்துக்கு முன்னால், கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவை. அதன் அலகு ‘த்’ மேல் லேசாக ஏறியிருக்கிறது. பார்க்கச் சின்ன விஷயம்தான். ஒரே மென்பொருளில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால்தான் இதன் கஷ்டம் தெரியும்.

போட்டோ மென்பொருளான போட்டோஷாப்பில் மட்டும் செய்தால் பறவை அழகாக வரும். எழுத்து கடைசியில் பிக்சலாக, அதாவது சின்னச் சின்ன வண்ணக் கட்டங்களாக, ஆகிவிடும். வெக்டர் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் மட்டும் செய்தால் எழுத்து கத்திபோல் நிற்கும். பறவை கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் லோகோ, தலைப்பு, படம் எல்லாவற்றையும் போட்டோ மென்பொருளிலேயே செய்து, லேயர்களை (ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகளை) ஒன்றாக்கி, ஜேபெக்காகச் சேமித்துக் கொடுத்தேன். ‘நன்றாக இருக்கிறது, இதையே கதவு உயரத்துக்குப் பேனராகக் கொடுங்கள்’ என்றார்கள். பெரிதாக்கியதும் லோகோவின் ஓரமெல்லாம் படிக்கட்டு. இரண்டு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன்.

இந்தச் சுவரொட்டியை வைத்தே இரண்டு மென்பொருள்களையும் சேர்த்து வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன். இல்லஸ்ட்ரேட்டர்–போட்டோஷாப் ஜோடிக்கும், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்–ஜிம்ப் ஜோடிக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். கோரல்டிரா, கிருத்தா போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்கும் கட்டளைகளின் பெயர்தான் மாறும்.

எது எங்கே குடியிருக்க வேண்டும்?

வெக்டர் என்பது கணக்கு. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இப்படி வளைந்து போ, உள்ளே இந்த வண்ணத்தை நிரப்பு என்று எழுதிவைத்த குறிப்பு. எவ்வளவு பெரிதாக்கினாலும் கணக்கை மறுபடி போட்டுக்கொள்ளும். போட்டோ என்பது கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்பிய தாள். கட்டங்களின் எண்ணிக்கை எடுத்தபோதே முடிவாகிவிட்டது. 1987இல் இல்லஸ்ட்ரேட்டரைக் கொண்டுவந்த அடோபி நிறுவனமே 1990இல் போட்டோஷாப்பைத் தனியாகக் கொண்டுவந்தது. இலவசப் பக்கத்திலும் 1996இல் ஜிம்ப், 2003இல் இங்க்ஸ்கேப் என்று தனித்தனியாகத்தான் வந்தன. இப்போது அஃபினிட்டி போன்றவை வெக்டர், பிக்சல் இரண்டையும் ஒரே செயலிக்குள் வைத்திருக்கின்றன. அங்கேயும் எந்தப் பொருளை எந்த வகையில் வைப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

நான் பின்பற்றுவது ஒரே ஒரு விதி: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வீடு. அது அந்த வீட்டில்தான் திருத்தப்படும். எழுத்து, லோகோ, கோடு, தட்டையான வண்ணப் பரப்பு ஆகியவற்றின் வீடு வெக்டர். இறகு, புகை, மங்கல், மென்மையான நிழல், புகைப்படம் ஆகியவற்றின் வீடு போட்டோ மென்பொருள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகலாம். திருத்தம் வேண்டுமென்றால் சொந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். போட்டோ மென்பொருளில் எழுத்தைத் திருத்துவதும், வெக்டர் மென்பொருளில் படத்தின் வெளிச்சத்தைச் சரிசெய்யப் பார்ப்பதும்தான் புதியவர்களின் நேரத்தை விழுங்குகின்றன.

எல்லாம் கடைசியில் ஒன்றுசேரும் இடம் எது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். சுவரொட்டி, அட்டை, துண்டறிக்கை என்றால் வெக்டர் மென்பொருள். கோப்பையின்மேல், துணியின்மேல் லோகோ அச்சிட்டதுபோல் காட்ட வேண்டுமென்றால் போட்டோ மென்பொருள். நம் மீன்கொத்தி முதல் வகை. இரண்டாவது வகையைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

படி 1: இரண்டு பக்கமும் ஒரே சட்டம்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு ‘படம் நகர்ந்துவிட்டது’ என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஏ4 என்பது 210 × 297 மில்லிமீட்டர். அச்சுக்குப் போகிறதென்றால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் நீண்டிருக்க வேண்டும். அச்சகத்தில் இதை பிளீட் என்பார்கள். கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளைக்கோடு தெரியாமல் இருப்பதற்காக. ஆக மொத்தம் 216 × 303. கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பழக்கத்தில் உள்ள அளவு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 216ஐ 25.4ஆல் வகுத்து 300ஆல் பெருக்கினால் 2551. 303க்கு அதே கணக்கு 3579.

போட்டோ மென்பொருளில் உங்கள் கேன்வாஸ் 2551 × 3579 பிக்சல், ரெசொல்யூஷன் 300. வெக்டர் பக்கத்தில், இங்க்ஸ்கேப் என்றால் பக்க அளவையே 216 × 303 மில்லிமீட்டர் என்று வைத்து, உள்ளே 3 மில்லிமீட்டர் தள்ளி நான்கு வழிகாட்டிக் கோடுகளை இழுத்துவிடுவது எனக்கு எளிதாக இருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டர் என்றால் ஆர்ட்போர்டு (வரையும் பக்கம்) 210 × 297, பிளீட் 3 என்று கொடுத்தால் போதும்.

கேமராவில் எடுத்த படம் போதுமா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம். 24 மெகாபிக்சல் கேமரா பெரும்பாலும் 6000 × 4000 பிக்சல் தரும். அகலவாக்கில் எடுத்த படத்திலிருந்து நெடுவாக்கில் ஒரு துண்டு எடுத்தால் உயரம் 4000. அகலம் ஏறக்குறைய 2850. நமக்குத் தேவை 2551 × 3579. தாராளமாகப் போதும். அதே துண்டை ஏ3க்குப் பிளீடோடு நீட்டினால் அங்குலத்துக்கு 238 பிக்சல் வரும். அதுவும் பரவாயில்லை. குறுஞ்செய்திச் செயலியில் வந்த 1200 பிக்சல் அகலப் படம் என்றால் ஏ4க்கே 141தான் தேறும். அதை அனுப்பியவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். படத்தின் பண்புகளில் ‘300’ என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அது வெறும் சீட்டு. பிக்சல் எண்ணிக்கையை அச்சாகும் அங்குலத்தால் வகுத்தால் வருவதுதான் உண்மை.

அப்புறம், ஒரு கோப்புறை. அதற்குள் ‘மூலம்’, ‘இணைப்பு’, ‘வெளியீடு’ என்று மூன்று. வெக்டர் கோப்பு வெளியே, இந்த மூன்றுக்கும் பக்கத்தில் இருக்கட்டும். படி 4 வரும்போது இது எதற்கென்று புரியும்.

படி 2: படத்தைத் தயார் செய்தல்

வெள்ளைச் சமநிலை, வெளிச்சம், தேவையில்லாத குச்சி இலைகளை நீக்குதல் எல்லாம் வழக்கம்போல. இந்தச் சுவரொட்டிக்கென்று மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளை எழுத்து விழப்போகும் இடம் கொஞ்சம் இருட்டாக இருக்க வேண்டும். அந்த இருட்டைப் போட்டோ மென்பொருளிலேயே உண்டாக்குங்கள். வெக்டர் பக்கத்தில் கறுப்பிலிருந்து ஒன்றுமில்லாமைக்குப் போகும் கிரேடியன்ட் ஒன்றை விரித்தால் வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால், பெரிய பரப்பில் அது பட்டை பட்டையாகத் தெரியக்கூடும். போட்டோ மென்பொருளில் அதே கிரேடியன்டின்மேல் மிகச் சிறிதளவு நாய்ஸ் (மணல்போன்ற புள்ளிகள்) தூவிவிட்டால் பட்டைகள் மறைந்துவிடும்.

ஷார்ப்பனிங்கைக் கடைசியில், அளவை 2551 × 3579க்குக் கொண்டுவந்த பிறகு செய்யுங்கள். முதலிலேயே கூர்மையாக்கிவிட்டுப் பிறகு சிறிதாக்கினால் செய்த வேலை பாதி கரைந்துபோகும்.

மூன்றாவது, சேமிப்பு. ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று அது நினைக்கும் விவரங்களைத் தூக்கி எறிகிறது. திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். அதனால் மூலம், போட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டியிலோ ஜிம்ப்பின் எக்ஸ்சிஎஃப்பிலோ இருக்கட்டும்.

படி 3: பறவையை வெட்டுதல்

இங்கேதான் நிறைய பேர் ஒரு நாள் முழுவதையும் தொலைக்கிறார்கள். நிதானமாகப் பார்ப்போம்.

நமக்கு வேண்டிய அடுக்கு இது: அடியில் முழுப் படம், நடுவில் எழுத்து, மேலே வெட்டிய பறவை. அடியில் உள்ள படத்திலும் பறவை இருக்கிறதே, அதை அழிக்க வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மேலே வைக்கும் பறவை அதே பறவை, அதே இடம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் அடியில் இருப்பது தெரியவே தெரியாது.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எழுத்து குறுக்கே வராத இடங்களில் வெட்டு எப்படி இருந்தாலும் கவலையில்லை, கீழே அதே படம்தானே தொடர்கிறது. வால், கால், கிளை எல்லாவற்றையும் உருப்பெருக்கி வைத்து வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். எழுத்தோடு மோதும் ஓரத்தை மட்டும் ஒழுங்காக வெட்டினால் போதும். நம் சுவரொட்டியில் அது அலகும் தலையின் ஒரு பக்கமும்தான். அதற்காக, எழுத்து எங்கே விழும் என்பதை முதலில் தோராயமாக வைத்துப் பார்த்துவிட்டு வெட்ட உட்காருங்கள்.

அலகு கெட்டியான ஓரம். அதற்குப் பென் டூலால் வரைந்த பாத், அதாவது வளைகோட்டுப் பாதை, நல்லது. ஜிம்ப்பில் இதற்குப் பாத்ஸ் கருவி. தலை இறகு மென்மையான ஓரம். அங்கே பாத் போட்டால் பறவைக்கு முடி வெட்டிவிட்டதுபோல் ஆகும். போட்டோஷாப்பில் ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ பகுதிக்குள் போய் ஓரத்தைத் தூரிகையால் தடவுங்கள். ஜிம்ப்பில் ‘ஃபோர்கிரவுண்ட் செலக்ட்’ கருவியால் ஆரம்பித்து, பிறகு லேயர் மாஸ்க்கில் (லேயரில் எது தெரியும், எது மறையும் என்று சொல்லும் முகமூடியில்) மென்மையான சிறு தூரிகையால் கையால் சரிசெய்யலாம். எதையும் அழிப்பான் வைத்து அழிக்காதீர்கள். மாஸ்க்கில் கறுப்படித்தது நாளைக்கு வெள்ளையடித்தால் திரும்பி வரும்.

வெட்டி முடித்ததும் பறவைக்குக் கீழே தற்காலிகமாக ஒரு வெள்ளை லேயரைப் போட்டுப் பாருங்கள். இறகோரத்தில் பச்சையாக ஒரு விளிம்பு தெரிந்தால், அது பழைய பின்னணியின் நிறம் இறகில் கலந்து வந்தது. பச்சைத் தண்ணீரின்மேல் தெரியாது, வெள்ளை எழுத்தின்மேல் பளிச்சென்று தெரியும். போட்டோஷாப்பில் ‘டிகன்டாமினேட் கலர்ஸ்’ என்ற ஒரு டிக் பெரும்பாலும் இதைத் தீர்த்துவிடும். ஜிம்ப்பில், பறவை லேயரை நகலெடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றில் மாஸ்க்கை அப்ளை செய்து, லேயருக்கு ஆல்ஃபா (ஒளிபுகும் அளவு) பூட்டுப் போட்டு, குளோன் கருவியால் இறகின் உட்பக்க நிறத்தை ஓரத்துக்குத் தடவுங்கள். பூட்டு இருப்பதால் உருவம் மாறாது, நிறம் மட்டும் மாறும். ஐந்து நிமிட வேலை.

இப்போது ஏற்றுமதி. பின்னணி முழுவதையும் ஒரு கோப்பாக, பறவையை மட்டும் இன்னொரு கோப்பாக. பறவைக்கு ஒளிபுகும் பின்னணி வேண்டும், ஜேபெக்குக்கு அது கிடையாது, எனவே பிஎன்ஜி. இரண்டு கோப்பும் 2551 × 3579 ஆகவே இருக்க வேண்டும். போட்டோஷாப்பில் லேயரின்மேல் வலது சொடுக்கி, அதை மட்டும் ஏற்றுமதி செய்தால் பறவையைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டிவிட்டுக் கொடுக்கும். அப்படி வேண்டாம். மற்ற லேயர்களை மறைத்துவிட்டு முழு ஆவணத்தையும் ஏற்றுமதி செய்யுங்கள். அந்த வெற்றிடம்தான் பறவையை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது.

ஜிம்ப்பில் கன்ட்ரோல் + எஸ் எக்ஸ்சிஎஃப் மூலத்தைச் சேமிக்கும். ஷிஃப்ட் + கன்ட்ரோல் + ஈ முதல் முறை பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும். அடுத்த முறையிலிருந்து கன்ட்ரோல் + ஈ மட்டும் அழுத்தினால் அதே பெயரில், அதே இடத்தில் புதுப்பித்துவிடும். இந்தக் கடைசிச் சாவியைப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 4: வெக்டர் பக்கத்தில் சேர்த்தல்

படத்தை உள்ளே கொண்டுவரும்போது இரண்டு வழி கேட்கும்: இணைப்பதா, உள்ளே பதிப்பதா. லிங்க், எம்பெட். இணைத்தால் வெக்டர் கோப்புக்குள் படம் இருக்காது, படம் இருக்கும் முகவரிதான் இருக்கும். பதித்தால் படமே உள்ளே வந்துவிடும். இங்க்ஸ்கேப்பின் எஸ்விஜி கோப்பில் அது எழுத்துகளாக மாற்றி எழுதப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு வீங்கியும் போகும்.

வேலை நடக்கும்போது எப்போதும் இணைப்பு. காரணம் சுலபம். ஜிம்ப்பில் இறகைத் திருத்தி கன்ட்ரோல் + ஈ அழுத்தினால் இங்க்ஸ்கேப்பில் திறந்திருக்கும் சுவரொட்டியில் பறவை தானாக மாறிவிடும். படத்தின்மேல் வலது சொடுக்கி வெளி மென்பொருளில் திருத்தும் கட்டளையைக் கொடுத்தால் நேராக ஜிம்ப் திறக்கும்படியும் இங்க்ஸ்கேப்பின் விருப்பங்களில் வைத்துக்கொள்ளலாம். ஆனால், அது திறப்பது பிஎன்ஜியை. லேயர்கள் வேண்டுமென்றால் எக்ஸ்சிஎஃப்பைத்தான் திறக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டர் இதில் ஒரு படி மேல்: பிஎஸ்டி கோப்பையே நேரடியாக இணைக்கும். லிங்க்ஸ் பேனலில் ‘எடிட் ஒரிஜினல்’ கொடுத்து, போட்டோஷாப்பில் திருத்திச் சேமித்தால் போதும். அதே பேனலில் அந்தப் படத்தின் உண்மையான ரெசொல்யூஷனும் தெரியும். படி 1இல் போட்ட கணக்கைச் சரிபார்க்க அதுவே இடம்.

இணைப்பில் ஆபத்தும் உண்டு. ஒருமுறை வெக்டர் கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் ‘படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெட்டிதான் இருக்கிறது’ என்று பதில். அன்றிலிருந்துதான் அந்த மூன்று கோப்புறைப் பழக்கம். இணைக்கும் படங்கள் எல்லாம் ‘இணைப்பு’ கோப்புறையில். அனுப்பினால் முழுக் கோப்புறையும் போகும். இல்லஸ்ட்ரேட்டரில் ‘பேக்கேஜ்’ கட்டளை இணைப்புகளைத் திரட்டித் தரும். இங்க்ஸ்கேப்பில், சேமிக்கும்போது வடிவப் பட்டியலில் படங்களோடு சேர்த்துச் சுருக்கும் ஜிப் வகை ஒன்று இருக்கிறது.

படம் உள்ளே வந்ததும் பக்கத்தைவிட மூன்று மடங்கு பெரிதாக நின்றால் பயப்பட வேண்டாம். இங்க்ஸ்கேப் தன் இயல்பில் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கு வைக்கும். அந்தக் கணக்கில் 2551 பிக்சல் ஏறக்குறைய 675 மில்லிமீட்டர். இறக்குமதிப் பெட்டியில் டிபிஐயை (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதை) கோப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், அல்லது மேலே உள்ள அளவுப் பெட்டிகளில் 216, 303 என்று தட்டுங்கள். பிக்சல் எதுவும் போகாது. அவை நெருக்கமாகும், அவ்வளவுதான். இடத்தையும் கண்ணால் பார்த்து வைக்காமல் எண்ணால் வையுங்கள்: இங்க்ஸ்கேப்பில் எக்ஸ் 0, ஒய் 0; பிளீட் வெளியே இருக்கும் இல்லஸ்ட்ரேட்டரில் மேல் இடது மூலையை வைத்து −3, −3. பின்னணிக்கும் பறவைக்கும் ஒரே எண்கள். பிறகு இரண்டு லேயரையும் பூட்டிவிடுங்கள்.

படி 5: எழுத்து

இரண்டு படங்களுக்கும் நடுவில் ஒரு லேயர் போட்டு ‘மீன்கொத்தி’ என்று தட்டுங்கள். எழுத்து பறவைக்குப் பின்னால் போய் உட்காரும். அந்தக் கணம் எப்போதும் ஒரு சின்னச் சந்தோஷம்.

இல்லஸ்ட்ரேட்டரில் முதல்முறை தமிழ் தட்டுகிறவர்களுக்கு அந்தச் சந்தோஷம் கொஞ்சம் தாமதமாகலாம். ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கலாம். எழுத்துரு பழுது என்று நினைத்து வேறு வேறு எழுத்துருக்களை இறக்கிக்கொண்டிருக்காதீர்கள். விருப்பங்களில் எழுத்துப் பகுதிக்குப் போய் இந்திய மொழி வசதிகளைக் காட்டச் சொல்லி, பாராகிராஃப் பேனலின் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ ஒன்றைத் தேர்ந்தால் சரியாகிவிடும். போட்டோஷாப்பிலும் இதே அமைப்பு உண்டு. இங்க்ஸ்கேப்பிலும் ஜிம்ப்பிலும் யூனிகோடு தமிழ் எந்த அமைப்பும் மாற்றாமல் சரியாக வரும்.

எழுத்தின் நிறத்தைப் பலகையிலிருந்து எடுக்காமல் படத்திலிருந்தே எடுத்துப் பாருங்கள். வெள்ளைதான் என்றாலும் பறவையின் கழுத்தில் உள்ள வெள்ளை சுத்த வெள்ளை அல்ல. கொஞ்சம் மஞ்சளோ நீலமோ கலந்திருக்கும். இங்க்ஸ்கேப்பின் டிராப்பர் கருவியை இழுத்து ஒரு வட்டம் போட்டால் அந்த வட்டத்துக்குள் உள்ள நிறங்களின் சராசரியைத் தரும். ஒற்றைப் பிக்சலைத் தொட்டு எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 6: நிழல் — போய்த் திரும்பும் பயணம்

இப்போது பறவை எழுத்தின்மேல் இருக்கிறது. ஆனால் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அலகின் நிழல் எழுத்தின்மேல் விழ வேண்டும். நிழலின் வீடு போட்டோ மென்பொருள். அங்கே எழுத்து இல்லை. என்ன செய்வது?

எழுத்து லேயரை மட்டும் வைத்து, மற்றவற்றை மறைத்து, பக்கம் முழுவதையும் 300 டிபிஐயில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிளீட் பகுதியும் சேர வேண்டும். அப்படி வராவிட்டால், ஆர்ட்போர்டைத் தற்காலிகமாக 216 × 303 ஆக்கிவிட்டு ஏற்றுமதி செய்வது நேர்வழி. வரும் கோப்பு 2551 × 3579 இருக்கும். சட்டம் ஒன்றாக இருப்பதால், போட்டோ மென்பொருளில் லேயராகத் திறந்ததும் தன் இடத்தில் தானே உட்காரும். இதற்கு ‘வழிகாட்டி’ என்று பெயர் வையுங்கள். இது விருந்தாளி, இதைத் திருத்தக் கூடாது.

வழிகாட்டி லேயரின் ஆல்ஃபாவைத் தேர்வாக மாற்றுங்கள். அதாவது எழுத்து உருவமே தேர்வாகும். அதன்மேல் புதிய காலி லேயரில் பெரிய, மென்மையான, மிக மெல்லிய கறுப்புத் தூரிகையால் அலகுக்குக் கீழே இரண்டு மூன்று தடவல். தேர்வு இருப்பதால் நிழல் எழுத்தைத் தாண்டாது. எழுத்துக்கு ரொம்ப அருகில் இருக்கும் பொருளின் நிழல் கூர்மையாகவும், விலக விலக மங்கலாகவும் இருக்கும். அலகு நுனியில் ஒரு விதமாகவும் அடியில் ஒரு விதமாகவும் தடவினால் நம்பும்படியாக வரும். வழிகாட்டியையும் மற்றவற்றையும் மறைத்து, நிழலை மட்டும் ஒளிபுகும் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்து, வெக்டர் பக்கத்தில் எழுத்துக்கும் பறவைக்கும் நடுவில் அதே 216 × 303இல் வையுங்கள்.

பிறகு எழுத்தை நகர்த்தினால் நிழல் பழைய இடத்திலேயே நிற்கும். எனவே தலைப்பின் இடமும் அளவும் முடிவான பிறகே இந்தப் படி.

‘வெக்டர் மென்பொருளிலேயே நிழல் விளைவு இருக்கிறதே’ என்று கேட்கலாம். இருக்கிறது. சுற்றிலும் ஒரே மாதிரி விழும் நிழல் என்றால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால், அந்த விளைவும் கடைசியில் பிக்சலாகத்தான் மாறும். எத்தனை பிக்சல் என்பதை இல்லஸ்ட்ரேட்டரில் ‘டாக்குமெண்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ்’ முடிவு செய்கிறது. திரைக்கென்று ஆரம்பித்த ஆவணத்தில் அது 72 ஆக இருக்கும். அச்சில் நிழல் சதுரம் சதுரமாக வந்தால் முதலில் அங்கே பாருங்கள். இங்க்ஸ்கேப்பில் இதே எண் பிடிஎஃப் சேமிக்கும் பெட்டியில் வரும்.

படி 7: வண்ணமும் வெளியீடும்

திரைக்கு மட்டும் என்றால் எல்லாக் கோப்பும் திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி வண்ண அமைப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். கேமரா படம் அடோபி ஆர்ஜிபியில் வந்திருந்தால் மாற்றிவிட்டு இணையுங்கள். இல்லாவிட்டால் மீன்கொத்தியின் நீலம் வெளுத்துப்போய்த் தெரியலாம்.

திரைக்கு சிவப்பு, பச்சை, நீலம், அதாவது ஆர்ஜிபி. அச்சுக்கு நான்கு மை: சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, அதாவது சிஎம்ஒய்கே. இல்லஸ்ட்ரேட்டர் ஒரு கோப்பில் ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே இரண்டில் ஒன்றைத்தான் ஆவண நிறமாக வைத்துக்கொள்ளும். ஆரம்பத்திலேயே சிஎம்ஒய்கே தேர்ந்தெடுங்கள். எந்த வண்ண ப்ரொஃபைல் வேண்டும் என்று அச்சகத்தைக் கேட்டுவிட்டுப் படத்தை மாற்றுங்கள். பளீர் நீலமும் பச்சையும் கொஞ்சம் அடங்கும். அதைத் திரையில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள போட்டோஷாப்பில் ‘ப்ரூஃப் கலர்ஸ்’, ஜிம்ப்பில் ‘சாஃப்ட் ப்ரூஃபிங்’ இருக்கின்றன. இங்க்ஸ்கேப் தரும் பிடிஎஃப் பொதுவாக ஆர்ஜிபியாக இருக்கும். சில அச்சகங்கள் அதை வாங்கித் தாங்களே மாற்றிக்கொள்வார்கள். சிஎம்ஒய்கேதான் வேண்டும் என்றால் எஸ்விஜியையும் படங்களையும் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்க்ரைபஸில் வைத்து அங்கிருந்து பிடிஎஃப் எடுக்கலாம்.

கீழே சின்னதாகத் தேதி, இடம் என்று கறுப்பு எழுத்து வைப்பீர்கள். அதை வெக்டரில் வைத்து, கறுப்பு மை 100, மற்ற மூன்றும் 0 என்று கொடுங்கள். அதே எழுத்தைப் போட்டோ மென்பொருளில் ஆர்ஜிபி கறுப்பில் தட்டி மாற்றினால் நான்கு மைகளின் கலவையாகிவிடும். நான்கு தகடுகளில் ஒன்று இம்மி விலகினாலும் சின்ன எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் ஆடும்.

அனுப்பும் முன் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் எழுத்தை உருவமாக மாற்றுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’, இங்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’. மூலத்தில் செய்துவிட்டால் நாளைக்கு ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. பிடிஎஃப் வகையைக் கேட்டால், அச்சகம் வேறு எதுவும் சொல்லாதவரை பிடிஎஃப் எக்ஸ்-4 என் தேர்வு. நம் பறவையின் மென்மையான ஓரத்தை, ஒளிபுகும் தன்மையை, அது அப்படியே வைத்துக்கொள்ளும். எக்ஸ்-1ஏ அதைத் தட்டையாக்கிவிடும்.

திரைக்கான படத்தை அதே வெக்டர் கோப்பிலிருந்து தனியாக ஏற்றுமதி செய்யுங்கள். அச்சுப் பிடிஎஃப்பைப் போட்டோ மென்பொருளில் திறந்து சிறிதாக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. எழுத்தெல்லாம் பிக்சலாகி, நிறமும் இரண்டு முறை மாறி வரும்.

எதிர்த் திசை: லோகோ படத்துக்குள் போகும்போது

கோப்பையின்மேல் லோகோ. இங்கே வீட்டுக்காரர் போட்டோ மென்பொருள். இல்லஸ்ட்ரேட்டரில் லோகோவை நகலெடுத்து போட்டோஷாப்பில் ஒட்டும்போது எப்படி ஒட்டுவது என்று ஒரு பெட்டி கேட்கும். ‘ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்’ என்று சொல்லுங்கள். 2005இல் வந்த வசதி இது. உள்ளே வெக்டர் அப்படியே இருக்கும். எத்தனை முறை சிறிதாக்கிப் பெரிதாக்கினாலும் கெடாது. லேயரின் சின்னப் படத்தை இருமுறை சொடுக்கினால் இல்லஸ்ட்ரேட்டர் திறக்கும், திருத்திச் சேமித்தால் கோப்பையில் மாறிவிடும். ‘பிக்சல்’ என்று ஒட்டிவிட்டால் இந்த வசதி எல்லாம் போச்சு. கோப்பையின் வளைவுக்கு ஏற்ப ‘வார்ப்’ செய்து, லேயர் முறையை ‘மல்டிப்ளை’ ஆக்கினால் கோப்பையின் நிழல்கள் லோகோவின் ஊடாகத் தெரியும். வெளிர் நிறக் கோப்பைக்கு மட்டும்தான் இது பொருந்தும். கறுப்புக் கோப்பையில் மல்டிப்ளை செய்தால் லோகோ காணாமல் போகும், அங்கே ‘ஸ்க்ரீன்’.

ஜிம்ப்பில் எஸ்விஜியைத் திறந்தால் எந்த அளவில் பிக்சலாக்குவது என்று முதலிலேயே கேட்கும். தேவைப்படுவதைப்போல் இரண்டு மடங்கு கொடுங்கள். பிறகு சுழற்றுவது, சாய்ப்பது, சிறிதாக்குவது எல்லாவற்றையும் ஒவ்வொரு கருவியாகச் செய்யாமல், ஷிஃப்ட் + டி அழுத்தி ‘யூனிஃபைடு டிரான்ஸ்ஃபார்ம்’ கருவியில் ஒரே மூச்சில் முடித்து என்டர் தட்டுங்கள். ஒவ்வொரு என்டருக்கும் பிக்சல்கள் ஒருமுறை குழைகின்றன.

இன்னொரு ஆசையும் புதியவர்களுக்கு வரும்: புகைப்படத்தையே வெக்டராக மாற்றிவிட்டால் என்ன? ‘இமேஜ் டிரேஸ்’, ‘டிரேஸ் பிட்மேப்’ என்று பொத்தான்கள் கண்ணெதிரே இருக்கின்றன. மீன்கொத்தியை அதில் போட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கான சிறு திட்டுகளாகப் பிரிந்து, கணினி மூச்சு வாங்கி, கடைசியில் பறவை பெயின்ட் சிந்திய மாதிரி நிற்கும். காகிதத்தில் மையால் எழுதிய கையெழுத்தை, மூலம் தொலைந்துபோன ஒற்றை நிற லோகோவை மீட்பதற்கு அதே பொத்தான் தங்கம். முதலில் போட்டோ மென்பொருளில் லெவல்ஸை இறுக்கி, சுத்தக் கறுப்பு வெள்ளையாக்கி, அழுக்குப் புள்ளிகளைத் துடைத்துவிட்டு, குறைந்தது 2000 பிக்சல் அகலத்தில் டிரேஸ் செய்யுங்கள். வரும் பாதைகளில் தேவையில்லாத புள்ளிகளை இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் + எல் குறைக்கும். ஒருமுறை அழுத்திப் பாருங்கள்; இரண்டாவது முறை அழுத்தும்போது மூலைகள் மழுங்க ஆரம்பித்தால் கன்ட்ரோல் + இசட்.